ஸ்பிரிங் ஏன் ஒடிகிறது? - பதில் சொன்ன ஆகஸ்ட் வோலர்



ஆட்டோமொபைல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், இந்த ஆண்டு மலருக்காக ஒரு ஜெர்மானிய ரயில்வே இன்ஜினியரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பில் ஸ்பிரிங் என்று போட்டுவிட்டு ரயில்வேக்காரரை ஏன் இழுக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கு. காருக்கு அடியில் இருக்கிற காயில் ஸ்பிரிங் ஆகட்டும், லாரியின் கமான் பட்டை ஆகட்டும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் பட்டென்று ஏன் ஒடிகிறது என்ற கேள்விக்கு, முறையாக எண்ணி, அளந்து, அட்டவணை போட்டுப் பதில் சொன்னவர் அவர்தான். அவர் பெயர் ஆகஸ்ட் வோலர். (கெமிஸ்ட்ரி புத்தகத்தில் 1828-இல் யூரியா தயாரித்தவர் என்று வருகிறாரே, அவர் ஃப்ரீட்ரிக் வோலர். அவர் வேறு, இவர் வேறு!)

நம்ம லேபில் நாம் எல்லோரும் ஸ்பிரிங் டெஸ்ட் செய்திருக்கிறோம். சுமை ஏற்றுவோம், எவ்வளவு அமுங்கியது என்று குறிப்போம், கிராஃப் போட்டு ஸ்டிஃப்னஸ் கண்டுபிடித்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவோம். அந்த ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். எத்தனை தடவை தாங்கும்? அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. வோலர் தன் வாழ்நாளில் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளி ஆசிரியரின் மகன்

வோலர் 1819-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, அன்றைய ஹானோவர் ராஜ்யத்தில் இருந்த சோல்டாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. ஹானோவர் நகரில் இருந்த உயர் தொழிற்பள்ளியில் சேர்ந்து படித்தார். அந்தப் பள்ளிக்கு 1847-இல் பெயர் மாற்றினார்கள். என்ன பெயர் தெரியுமா? பாலிடெக்னிக்! ஒரு வகையில் அவர் நம்ம ஆள் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம்.

படிப்பு முடிந்ததும் பெர்லினில் ரயில் என்ஜின் கட்டும் போர்சிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1843-இல் பெல்ஜியம் போய் ரயில் என்ஜின் ஓட்டவே கற்றுக்கொண்டார். கரியும் புகையும் படிந்த சட்டையோடு என்ஜினில் நின்று வேலை பழகியவர் அவர். திரும்பி வந்து ஹானோவர் ரயில்வேயில் பணியாற்றினார். 1847-இல், தம் 28-ஆம் வயதில், பெர்லினையும் பிரெஸ்லாவையும் இணைத்த ரயில்வேயில் என்ஜின்கள், பெட்டிகள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனார். ஓடர் நதிக்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் ஊரில் அவருடைய பணிமனை. (பிரெஸ்லாவ் இன்று போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது.)

அச்சு முறிந்தது, ரயில் கவிழ்ந்தது

அந்தக் காலத்தில் ரயில்வேக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த பிரச்சினை ஒன்று இருந்தது. சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சு திடீர் திடீரென்று முறியும். 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி, வெர்சேயிலிருந்து பாரிஸ் நோக்கி வந்த ரயிலில் என்ஜின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஐரோப்பா முழுவதும் அதிர்ந்துபோனது.

மயிலிறகாகவே இருந்தாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று திருக்குறளில் நாம் படித்திருக்கிறோம். அது அதிக பாரத்தால் வரும் முறிவு. ரயில் அச்சுகளின் கதை அப்படி இல்லை. கணக்குப் போட்ட அளவுக்குள்தான் பாரம் இருந்தது. அதே அச்சு பல ஆண்டுகள் அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியும் இருக்கிறது. அப்படியிருக்க ஒருநாள் மட்டும் ஏன் முறிய வேண்டும்?

ஓடி ஓடி, அதிர்ந்து அதிர்ந்து இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது, நார் நாராக இருந்த இரும்பு கற்கண்டு போல் படிகமாகிவிடுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். முறிந்த இடம் மணல் மணலாக மின்னியதுதான் அதற்குக் காரணம். 1843-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின் (நம் தெர்மலில் வரும் ராங்கின் சைக்கிள் இவர் பெயரால்தான்) அது சரியல்ல, அச்சின் விட்டம் மாறுகிற மூலையில் விரிசல் பிறந்து மெல்ல மெல்ல உள்ளே வளர்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஆனா எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்றில் முறியும் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. அந்தக் கணக்கைத்தான் வோலர் போட ஆரம்பித்தார்.

துத்தநாகத் தகடும் ஒரு ஊசியும்

ரயில் பெட்டியின் எடை அச்சின் இரண்டு நுனியிலும் அழுத்துகிறது. அதனால் அச்சு லேசாக வளைகிறது. மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அமுங்கும். சக்கரம் அரைச் சுற்று சுற்றினால் மேல்பக்கம் கீழே வந்துவிடும். இழுபட்ட இடம் அமுங்கும், அமுங்கிய இடம் இழுபடும். ஒரு கம்பியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் மடக்குவது போல, ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 318 சுற்று.

ஓடும் ரயிலில் அச்சு உண்மையில் எவ்வளவு வளைகிறது என்று வோலர் முதலில் அளந்தார். அதற்கு அவர் செய்த கருவி ரொம்ப எளிமையானது. அச்சு வளையும்போது ஒரு ஊசி துத்தநாகத் தகட்டில் கீறிவிடும். கீறலின் நீளத்தை அளந்தால் அதிகபட்ச வளைவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லை, ஸ்ட்ரெயின் கேஜ் இல்லை. ஒரு தகடு, ஒரு ஊசி. பிரெஸ்லாவ் - பெர்லின் பாதையில் சுமார் 22,000 கி.மீ. ஓடவிட்டு அளந்தார். 1858-லும் 1860-லும் அந்த முடிவுகளை வெளியிட்டார்.

அடுத்து அந்த வளைவைப் பணிமனைக்குள்ளேயே உண்டாக்கும் இயந்திரங்களைக் கட்டினார். அச்சைச் சுற்றவிட்டு, அதன் நுனியை ஸ்பிரிங் மூலம் இழுத்துப் பிடித்துப் பாரம் கொடுத்தார். முறியும்வரை சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஒன்று முறிந்தால் அடுத்ததற்குப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மறுபடி சுற்ற வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். இதுதான் வேலை.

பீனிக்ஸ் கம்பெனியின் அச்சு இரும்பில் அவர் செய்த சோதனையின் முடிவைப் பாருங்க. அவர் பயன்படுத்திய பழைய பிரஷ்ய அலகை நம் அலகுக்கு ஏறத்தாழ மாற்றித் தருகிறேன்:

சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 230 நியூட்டன் - 56 ஆயிரம் சுற்றில் முறிந்தது.
சுமார் 170 நியூட்டன் - 9 லட்சம் சுற்றில் முறிந்தது.
சுமார் 130 நியூட்டன் - 1 கோடியே 91 லட்சம் சுற்றில் முறிந்தது.
சுமார் 115 நியூட்டன் - 13 கோடியே 22 லட்சம் சுற்று சுற்றியும் முறியவில்லை!

நிமிடத்துக்கு 70 சுற்று என்று வைத்து, ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டினால்கூட, கடைசிச் சோதனைக்கு மட்டும் மூன்றரை வருஷம் பிடிக்கும். செமஸ்டர் பிராஜெக்ட்டை மூன்று வாரத்தில் முடிக்கத் தவிக்கும் நாம் இந்தப் பொறுமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே இழுப்பில் இரும்பை முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையே, திரும்பத் திரும்ப வந்தால் அதை முறித்துவிடும். இரண்டு, ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் எத்தனை கோடி தடவை வந்தாலும் முறிவதில்லை. இதைத்தான் நாம் எண்டூரன்ஸ் லிமிட் என்று படிக்கிறோம். வோலர் தம் முடிவுகளை அட்டவணையாகவே கொடுத்தார். வளைகோடாக வரைந்தவர் அவருக்குப் பின் அந்தச் சோதனைகளைத் தொடர்ந்த ஸ்பாங்கன்பெர்க். அந்த எஸ்-என் கோட்டுக்குப் பிற்காலத்தில் வோலர் கோடு என்றே பெயர் வந்தது.

அச்சிலிருந்து ஸ்பிரிங்குக்கு

வோலர் அச்சோடு நிற்கவில்லை. ஒரே பக்கமாக வளைப்பது, இழுப்பது, முறுக்குவது என்று பலவிதமாகச் சோதித்தார். வண்டி ஸ்பிரிங் செய்யும் எஃகையும் எடுத்துச் சோதித்தார். அங்கேதான் நம் பாடத்துக்கு நேரடியான சங்கதி கிடைத்தது.

அச்சைப் போல ஸ்பிரிங் இரு பக்கமும் மாறி மாறி வளைவதில்லை. வண்டியின் எடை எப்போதும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் வந்தால் பாரம் கூடும், தாண்டினால் குறையும். இந்தக் கூடுதலுக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆயுளை முக்கியமாகத் தீர்மானிக்கிறது என்றும், நிரந்தரமாக இருக்கும் இழுவிசை அதிகமானால் தாங்கக்கூடிய வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்றும் 1870-ஆம் ஆண்டு அறிக்கையில் வோலர் முடிவு சொன்னார். ஓவர்லோடு ஏற்றிய வண்டியில் பட்டை சீக்கிரம் ஒடிவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பாரம் கூடினால் நிரந்தர விசையும் கூடுகிறது, பள்ளத்தில் விழும் அடியும் கூடுகிறது.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். காரின் பாடி ஸ்பிரிங் மேல் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை ஏறி இறங்குகிறது. தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 தடவை. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம். பத்து வருஷத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். எல்லாமே பெரிய ஆட்டம் அல்ல, உண்மைதான். ஆனாலும் வோலரின் அட்டவணையில் இருக்கும் எண்களுக்குள் நம்ம கார் வந்துவிட்டது பார்த்தீர்களா?

அப்படியானால் எல்லா ஸ்பிரிங்கும் ஒடிய வேண்டுமே? ஒடிவதில்லை. எல்லைக்குள் நிற்கும்படிதான் டிசைன் செய்கிறார்கள். சிலிக்கான் மாங்கனீஸ் எஃகு, குரோம் வனேடியம் எஃகு என்று தேர்ந்தெடுத்து, ஹார்டனிங், டெம்பரிங் செய்கிறார்கள். பிறகு சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடிக்கிறார்கள். இதுதான் ஷாட் பீனிங். இதனால் மேல்தோலில் ஒரு நிரந்தர அமுக்கம் தங்கிவிடும். விரிசல் திறக்க இழுப்பு வேண்டும். அமுங்கியிருக்கும் தோலில் அது எளிதில் திறக்காது. அதற்கு மேல் பெயின்ட் அல்லது பிளாஸ்டிக் பூச்சு.

வில்லன் எங்கே நுழைகிறான் என்றால், இந்தப் பூச்சு போகிற இடத்தில். சக்கரம் தெறிக்கும் கல் பட்டுப் பூச்சு உரியும். காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழ் சீட்டில் உட்காரும் இடத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கி உரசிக்கொண்டே இருக்கும். துரு பிடிக்கும். துரு குழி தோண்டும். குழி விழுந்த இடத்தில் விசை குவியும். இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு: துரு அரித்துக்கொண்டே இருக்கும்போது எஃகுக்கு அந்தப் பாதுகாப்பான எல்லையே இல்லாமல் போய்விடுகிறது. சின்ன ஆட்டமும் கணக்கில் சேரும். அதனால்தான் காரில் ஒடியும் காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்ச் சுற்றுப் பக்கம் ஒடிகிறது. கடற்கரை ஊர் வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

கமான் பட்டையின் கதை கொஞ்சம் வேறு. யூ போல்ட் தளர்ந்தால் நடுப்பகுதி அசைய ஆரம்பிக்கும். சென்டர் போல்ட் ஓட்டை இருக்கும் இடத்தில் பட்டை ஏற்கெனவே பலவீனம், அங்கே விரிசல் விடும். பட்டைகள் ஒன்றோடொன்று காய்ந்து உரசும் இடத்திலும் விரிசல் பிறக்கும்.

முறிந்த முகம் சொல்லும் சாட்சி

இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் இருந்த ஒரு பட்டறைக்குச் சரக்கு வேன் ஒன்று மெயின் பட்டை ஒடிந்து வந்தது. பள்ளத்தில் கண்மூடித்தனமாக இறக்கிவிட்டார் என்று டிரைவர் மேல் பழி. அந்த மாதச் சம்பளத்தில் பட்டை விலையைப் பிடித்துக்கொள்ளப் போவதாக வண்டிக்கார முதலாளி சொல்லிவிட்டார். டிரைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கிறதா இல்லை.

பட்டறை மேஸ்திரி ஒன்றும் பேசாமல் ஒடிந்த இரண்டு துண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்தார். முறிந்த முகத்தில் முக்கால் பாகம் பழுப்பேறி வழவழப்பாக இருந்தது; அலை கரையேறிய தடம் போல வரிவரியாகக் கோடுகள். மீதிக் கால் பாகம் மட்டும் புதுசாக, சொரசொரவென்று வெள்ளையாக மின்னியது. மேஸ்திரி முதலாளியைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். ஒரு ராத்திரியில் ஒடிந்தது என்றால் உள்ளே துரு எப்படி வந்தது என்று கேட்டார். விரிசல் எப்போதோ ஆரம்பித்து மாதக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. கடைசிக் கால் பாகம்தான் அன்றைக்குப் போனது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடுத்த பள்ளத்தில் போயிருக்கும். முதலாளி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பளத்தில் கை வைக்கவில்லை. டிரைவர் அந்தத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மேஸ்திரிக்கு வோலர் பெயர் தெரியாது. ஆனால் ராங்கினும் வோலரும் கண்ட உண்மை அவர் கையில் இருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பாடம் பதினாறு மார்க் கேள்வி மட்டும் அல்ல, ஒரு மனிதனின் மாதச் சம்பளம் என்று எனக்குப் பட்டது.

எப்போது மாற்ற வேண்டும்?

இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்று என்று ஸ்பிரிங்குக்கு ஒரு நம்பர் சொல்ல முடியாது. ஒரே எஃகில், ஒரே அளவில் செய்த துண்டுகள்கூட ஒரே பாரத்தில் வெவ்வேறு எண்ணிக்கையில்தான் முறியும். ஆகவே மீட்டரைப் பார்த்து மாற்றுவதைவிட ஸ்பிரிங்கைப் பார்த்து மாற்றுவதே சரி. சர்வீஸுக்கு வண்டியைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

1. விரிசல் தெரிந்தாலோ, நுனி ஒடிந்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். ஒடிந்த காயில் நுனி டயரைக் கிழித்துவிடும். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம் என்ற பேச்சே கூடாது.

2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவைவிட உயரம் குறைந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

3. மேலாகப் படிந்த துருவைப் பிரஷ் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே குழி விழுந்திருந்தால் மாற்றுவது நல்லது. குழிக்கு மேல் பெயின்ட் அடித்தால் குழி மறையும், விரிசல் நிற்காது.

4. ஒரு பக்கம் ஒடிந்தால் அதே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஜோடி சேர்ந்தால் உயரமும் ஸ்டிஃப்னஸும் ஒத்துப்போகாது. மறுபக்கத்து ஸ்பிரிங்கும் அதே ரோட்டில் அதே எண்ணிக்கை ஆடியதுதானே!

5. ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. வெல்டிங் சூட்டில் டெம்பர் போய்விடும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும்.

6. மாட்டும்போது உளி, சுத்தியல் தடம் பட விடாதீர்கள். ஒரு சின்னக் கீறல் போதும், விரிசலுக்கு அது பிறந்த வீடு. யூ போல்ட்டைச் சொன்ன டார்க்கில் முடுக்க வேண்டும், சில நாள் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

7. ஸ்டிரட்டிலிருந்து காயில் ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

நிறைந்த வாழ்வு

வோலரின் கடைசி அறிக்கை வெளிவந்தபோது அவருக்கு வயது 51. அதற்குள் அவர் ரயில்வே பணியிலிருந்து விலகி, பெர்லினில் ரயில் பெட்டி, தளவாடங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் இயக்குநராகியிருந்தார். பின்னர் 1874 முதல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், அல்சேஸ் - லோரேன் ரயில்வே நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்தார். இரும்பு, எஃகு வாங்கும்போது தயாரிப்பாளரின் வாய்வார்த்தையை நம்பக் கூடாது, தரம் பிரித்து, சோதித்து வாங்க வேண்டும், அதற்கு அரசாங்கமே சோதனைச் சாலைகள் நடத்த வேண்டும் என்று 1870-களில் விடாமல் வலியுறுத்தினார். இன்று நாம் ஸ்டீல் கிரேடு பார்த்து, டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு வழிவகுத்தவர்களில் அவரும் ஒருவர்.

1889-இல் ஓய்வு பெற்று, தாம் படித்த ஹானோவர் நகரத்துக்கே திரும்பினார். 1901-இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1903-இல் இங்கிலாந்தில் யூவிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் விசையால் இரும்பின் நுண்துகள்களுக்குள் சறுக்கல் கோடுகள் தோன்றி, அவையே விரிசலாக மாறுவதைக் கண்டார்கள். வோலர் எண்ணிச் சொன்னதை இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1914-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி, 94 வயதில் காலமானார். அவருடைய சோதனை இயந்திரம் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தோழர்களே! இன்னும் சில மாதங்களில் நாம் பட்டறைகளுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகப் போகிறோம். நாம் சரிபார்த்து அனுப்பும் வண்டியில் ஒரு குடும்பம் ஏறும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். நேற்றுவரை நன்றாக ஓடியது என்பதை ஒரு சர்டிஃபிகேட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெர்சே ரயிலும் அதுவரை ஓடியதுதான். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஏதாவது ஒடிந்து வந்தால், யாரைத் திட்டலாம் என்று தேடுவதற்கு முன் முறிந்த முகத்தைக் கழுவிப் பாருங்கள்.